எண்டோமெட்ரியோசிஸ்: அடக்கிய கோபம்தான் கட்டியாகிறதா?

02.11.2025, ஞாயிறு. பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி

எனக்கு முப்பத்தொரு வயது. பள்ளி நாள்களிலிருந்தே மாதவிடாயின்போது எழுந்து நிற்க முடியாத வலி உண்டு. இப்போது ஸ்கேனில் இடது சூலகத்தில் சாக்லேட் கட்டி இருப்பது தெரிந்து, இது எண்டோமெட்ரியோசிஸ் என்று சொல்லி மருத்துவர் டயனோஜெஸ்ட் என்னும் ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கியிருக்கிறார். இதற்கிடையே தோழி ஒருத்தி அழைத்ததால் இந்திராநகரில் ஆற்றல் சிகிச்சை செய்யும் ஒருவரைப் பார்த்தேன். "இது நோயல்ல, உடல் உங்களுக்குச் சொல்லும் செய்தி. அம்மாவிடம் காட்டாமல் அடக்கிய கோபமும், பெண்ணாகப் பிறந்ததை ஏற்காத மனமும்தான் கருப்பைக்கு வெளியே போய்க் கட்டியாகியிருக்கின்றன. மூன்று மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டு மன்னிப்புப் பயிற்சி செய்யுங்கள்" என்றார். அம்மாவோடு எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு என்பதால் அவர் சொன்னது நெஞ்சில் தைத்துவிட்டது. இந்த வழியில் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

03.11.2025, திங்கள் இரவு

மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் மட்டும் பேசுங்கள். டயனோஜெஸ்ட் தொடங்கிய முதல் மாதங்களில் ஒழுங்கற்ற உதிரப்போக்கும் தலைவலியும் மனச்சோர்வும் சிலருக்கு வருவதுண்டு. அப்படி வந்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். மாத்திரையால் வந்த சோர்வை "அடைபட்ட உணர்வு வெளியேறுகிறது" என்று யாராவது விளக்கிவிட்டால், அதன் பிறகு எது எதனால் வந்தது என்று பிரித்தறிய உங்களால் முடியாது.

இதே நோயோடு நானும் அந்த வழியில் போனவள்தான். ஜெயநகரில் ஓர் அமைதியான வீட்டின் மாடியில், சாம்பிராணி மணக்கும் அறையில், கண்ணை மூடிப் படுக்கவைத்து அடிவயிற்றுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு ஓர் அம்மையார் என்னிடம் கேட்டதும் ஏறத்தாழ இதே கேள்வியைத்தான்: "அம்மாவிடம் சொல்லாமல் விட்டது என்ன?" நான் அழுதேன். நெடுநேரம் அழுதேன். அவர் ஏமாற்றுக்காரர் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் உள்ளன்போடு கேட்டார். ஆனால் அம்மாவோடு ஒரு தாங்கலும் இல்லை என்று சொல்லக்கூடிய மகள் நம் வீடுகளில் எத்தனை பேர்? எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் ஆம் என்ற விடையே வரும் ஒரு கேள்வி, உங்கள் நோயைப் பற்றி மட்டும் எதையாவது கண்டுபிடித்துவிட்டதாக எப்படிக் கொள்ள முடியும்? உங்கள் நெஞ்சில் அது தைத்ததற்குக் காரணம் உங்கள் மனத்தாங்கல் உண்மையானது என்பதே. அந்த மனத்தாங்கல் சூலகத்தில் கட்டியாயிற்று என்பதற்கு அது சாட்சியாகாது.

எண்டோமெட்ரியோசிஸில் நடப்பது என்னவென்றால், கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சூலகத்திலும் வயிற்றறையின் சவ்விலும் குடலிலும் சிறுநீர்ப்பையிலும், அரிதாக உதரவிதானத்திலும் நுரையீரலிலும்கூட வளர்கிறது. அது ஈஸ்ட்ரோஜனுக்கு ஏற்ப நடந்துகொண்டு, சுற்றிலும் அழற்சியையும் தழும்பையும் ஒட்டுதல்களையும் உண்டாக்குகிறது. சூலகத்துக்குள் பழைய இரத்தம் தேங்கிப் பழுப்பாகும்போது அதைச் சாக்லேட் கட்டி என்கிறார்கள். இனப்பெருக்க வயதில் இருக்கும் பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு, அதாவது உலகெங்கும் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அத்தனை பேரும் பெண்மையை மறுத்தவர்கள் என்று சொல்வதற்கு ஒருவர் மிகவும் துணிந்தாக வேண்டும்.

04.11.2025, செவ்வாய்

இப்படிப்பட்ட விளக்கங்கள் எங்கிருந்து வருகின்றன என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஆற்றல் சிகிச்சைக் கூடங்களில் புழங்கும் விளக்கங்களில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. லூயிஸ் ஹே 1984இல் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு நோய்க்கும் எதிரே அதை உண்டாக்கும் எண்ணம் எது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எண்டோமெட்ரியோசிஸுக்கு எதிரே பாதுகாப்பின்மை, ஏமாற்றம், விரக்தி, பிறர்மேல் பழிபோடுதல் என்ற வகையில் எழுதப்பட்டிருக்கும். 1990களில் கிறிஸ்டியன் நார்த்ரப் என்ற அமெரிக்க மகளிர் மருத்துவர் இதைப் போட்டியின் நோய் என்றார். பெண்ணின் உணர்ச்சித் தேவைகள் அவளுடைய வெளியுலகப் பணிகளோடு மோதும்போது இது வருகிறதாம். ஜெர்மனியில் ரைக் ஹாமர் என்பவர் எல்லா நோயும் எதிர்பாராத ஓர் அதிர்ச்சியால் வருவது என்று தனி மருத்துவமே உருவாக்கினார். 1986இல் அவருடைய மருத்துவ உரிமம் பறிக்கப்பட்டது. "மோதலைத் தீர்த்தால் கட்டி கரையும்" என்று இன்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளில் அவருடைய பெயர் இருக்காது, கருத்து இருக்கும்.

ஆனால் இவர்களுக்கு முன்பே மருத்துவத்துறையே இதைச் செய்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கருப்பை பிள்ளைப்பேற்றை விரும்பும் ஓர் உயிர் போன்றது, நெடுநாள் கருத்தரிக்காவிட்டால் அது உடலெங்கும் அலைந்து மூச்சையும் அடைக்கும் என்று பிளேட்டோ எழுதினார். 1940களில் பாஸ்டன் மருத்துவர் ஜோ மீக்ஸ், தாமதமான திருமணமும் தாமதமான பிள்ளைப்பேறும்தான் எண்டோமெட்ரியோசிஸுக்கு வழிசெய்கின்றன என்று வாதிட்டு, இளமையில் மணந்து பிள்ளை பெறுவதைப் பரிந்துரைத்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் இது வேலைக்குப் போகும் பெண்களின் நோய் என்றே அழைக்கப்பட்டது. மருத்துவரைப் பார்க்க வசதியிருந்த பெண்களுக்கு மட்டுமே நோய் கண்டறியப்பட்டது என்பதால் வந்த தோற்றம் அது. அதே வலியோடு வந்த கறுப்பினப் பெண்களில் பலருக்கு இடுப்பறைத் தொற்று என்று எழுதி அனுப்பியதை டொனால்ட் சாட்மன் 1976இல் எடுத்துக்காட்டினார்.

நான் கவனிப்பது இதைத்தான்: பிள்ளை பெறாததால் வந்தது என்றார்கள், வேலைக்குப் போனதால் வந்தது என்றார்கள், இப்போது அம்மாவை மன்னிக்காததால் வந்தது என்கிறார்கள். காரணம் மாறிக்கொண்டே வருகிறது, குற்றம் சாட்டப்படுபவள் மட்டும் மாறவில்லை. ஒயிட்ஃபீல்டில் வேலை செய்யும் பெண்களிடம் "உங்களுக்குள் ஆண் ஆற்றல் மிகுந்துவிட்டது, வேலையைக் குறையுங்கள்" என்று சொல்லப்படுவதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். கர்நாடக அமைச்சரவை கடந்த மாதம்தான் மாதத்துக்கு ஒரு நாள் வீதம் ஆண்டுக்கு 12 நாள் ஊதியத்துடன் கூடிய மாதவிடாய் விடுப்புக்கு ஒப்புதல் அளித்தது. வலியோடு வேலை செய்பவளுக்கு விடுப்பு தேவை என்று அரசு ஏற்கும் நேரத்தில், வேலைதான் வலியைக் கொண்டுவந்தது என்ற பழைய பேச்சு ஆற்றல் என்ற புதுப் பெயரோடு திரும்புவதை நாம் விட்டுவிடக் கூடாது.

பிள்ளை பெற்றால் சரியாகும் என்று வீட்டில் சொல்பவர்களுக்கு ஒரு தகவல். இந்த நோய்க்குச் சிகிச்சையாக மட்டும் கருத்தரிக்கும்படி பெண்களுக்கு அறிவுரை கூறக் கூடாது என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வெளிப்படையாகவே சொல்கிறது.

05.11.2025, புதன்

"மேல்நாட்டுப் புத்தகத்தை விடுங்கள், அடிவயிற்றுச் சக்கரமான சுவாதிட்டானம் நம் மரபு இல்லையா?" என்று கேட்டவருக்கு.

சுவாதிட்டானம் நம் மரபுதான். திருமூலரும் ஆதாரங்கள் எனப்படும் சக்கரங்களைப் பாடியிருக்கிறார். பூர்ணானந்தர் 1577இல் இயற்றிய சட்சக்கர நிரூபணத்தில் சுவாதிட்டானம் ஆறு இதழ்களோடும், நீர் என்னும் பூதத்தோடும், வருணனோடும், வம் என்னும் விதையெழுத்தோடும், மகர மீனோடும் வருணிக்கப்படுகிறது. அதைத் தியானிப்பவன் அகங்காரம் முதலிய பகைகளிலிருந்து விடுபடுவான் என்பது அங்கே சொல்லப்படும் பயன். அது யோகிக்கான பாதை. நோயாளியின் வயிற்றில் எந்த உணர்ச்சி தேங்கியிருக்கிறது என்று படிக்கும் கருவி அன்று. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி ஜான் உட்ராஃப் 1919இல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1932இல் ஜூரிக்கில் கார்ல் யுங் குண்டலினி பற்றிச் சொற்பொழிவாற்றிச் சக்கரங்களுக்கு உளவியல் பொருள் கொடுத்தார். இப்படிப் பல கை மாறி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் உணர்ச்சி, ஓர் உறுப்பு, ஒரு நோய் என்று ஆன பிறகு அது பெங்களூருக்குத் திரும்பி வந்து, நம் முன்னோர் சொன்னது என்ற பெயரில் நமக்கே விற்கப்படுகிறது.

உடல்நோயைப் பற்றி நம் பழைய மருத்துவ நூல்கள் பேசும் முறை இதனின்று வேறானது. சரகர் இருபது வகை யோனி நோய்களைக் கூறுகிறார். அவற்றுள் உதாவர்த்தம் என்பதில் கீழ்நோக்கிப் போக வேண்டிய வாயு மேல்நோக்கித் திரும்புவதால் மாதவிடாய் மிகுந்த வலியோடு வெளிப்பட்டு, உதிரம் போன பிறகு வலி தணிகிறது. காரணங்களாகத் தவறான உணவும் நடத்தையும், ஆர்த்தவக் கேடு (மாதவிடாய் உதிரத்தின் கேடு), பீஜ தோஷம் (வித்தின் குறை), தெய்வம் ஆகிய நான்கைச் சொல்கிறார். அந்த நோயும் இந்த நோயும் ஒன்றே என்று நான் கூறவில்லை. நடத்தையும் தெய்வமும் அந்தப் பட்டியலில் இருப்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அங்கே பேச்சு வாயுவின் திசையைப் பற்றியதும் வித்தின் குறையைப் பற்றியதுமாக இருக்கிறது. தாயை மன்னிக்காத மகளைப் பற்றியதாக இல்லை.

07.11.2025, வெள்ளி, பின்னிரவு

நேற்று பீஜ தோஷம் என்ற சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் அம்மாவைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

அம்மா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பக்கத்தில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றில் வளர்ந்தவர். ஒரே அறை, பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தடுப்பு; வாய்விட்டு அழக்கூட இடமில்லாத வீடு. மாதத்தில் அந்த நாள்களில் வெந்தயத்தை விழுங்கி மோர் குடித்துவிட்டு, குப்புறப் படுத்து வயிற்றுக்கடியில் துணியைச் சுருட்டி வைத்துக்கொள்வாராம். கல்யாணமானால் சரியாகும் என்று பாட்டி சொன்னார். கல்யாணமான பிறகு, பிள்ளை பெற்றால் சரியாகும் என்றார். நாங்கள் பிறந்த பிறகும் சரியாகவில்லை. நாற்பது தாண்டியதும் கருப்பையை எடுத்தார்கள். என்ன நோய் என்று யாரும் ஒரு பெயர் சொன்னதாக அவருக்கு நினைவில்லை. என் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மருத்துவர் வரைந்து காட்டிய படத்தைப் பார்த்து, "எனக்கும் இங்கேதான் வலிக்கும்" என்று விரலை வைத்தார்.

இரட்டையர்களிடம் நடந்த ஆய்வுகள், இந்த நோய் வருவதற்கான சாத்தியத்தில் ஏறத்தாழப் பாதி மரபுவழிப்பட்டது என்று காட்டியுள்ளன. 2023இல் வெளிவந்த பெரிய மரபணு ஆய்வு ஒன்று மரபுத்தொகுதியில் 42 இடங்கள் இதோடு தொடர்புடையவை என்று கண்டது. ஆக, அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது உண்மைதான். ஆனால் ஜெயநகர் அம்மையார் சொன்ன வழியில் வரவில்லை.

இன்னொன்றும் எனக்கு இப்போதுதான் தெளிவாகிறது. சிறு வயதில் என் மனத்தில் பதிந்த அம்மாவின் கடுமை, காரணமில்லாமல் விழுந்த அடி, பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட நாள்கள் ஆகியவற்றில் எத்தனை அந்த வலியின் கடுமையாக இருந்திருக்கும்? நாள் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு சுரங்கத் தொழிலாளிக்குச் சோறு கட்டிக்கொடுத்துப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட ஒருத்தி எவ்வளவு நேரம் பரிவாக இருக்க முடியும்? மனத்தாங்கலால் நோய் வந்தது என்று அந்த அறையில் எனக்குச் சொல்லப்பட்டது. எங்கள் வீட்டில் நோயால்தான் மனத்தாங்கல் வந்திருக்க வேண்டும். கேள்வி கேட்ட தோழியே, உங்கள் அம்மாவிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள், அந்த நாள்களில் அவருக்கு எப்படி இருந்தது என்று. அது மன்னிப்புப் பயிற்சி அன்று. உங்கள் மருத்துவருக்கும் தேவைப்படும் குடும்ப வரலாறு.

08.11.2025, சனி

பெண்மையை ஏற்காததால் வருவது என்ற கூற்றுக்கு இரண்டு செய்திகள் போதும். ரீசஸ் குரங்குகளுக்கும் பபூன்களுக்கும் இந்த நோய் இயற்கையாகவே வருகிறது. ஆய்வாளர்கள் அவற்றை வைத்தே பலவற்றைக் கற்றிருக்கிறார்கள். ஆண்களுக்கும், மிக அரிதாக, வந்திருக்கிறது; புரோஸ்டேட் புற்றுநோய்க்காக நெடுங்காலம் மிகுந்த அளவு ஈஸ்ட்ரோஜன் பெற்றவர்கள் அவர்களில் சிலர். பெண்மை பற்றிய எந்த மனப்போராட்டமும் இந்த இரண்டு கூட்டத்தாரையும் விளக்காது. ஈஸ்ட்ரோஜனும் திசுவும் விளக்கும்.

09.11.2025, ஞாயிறு

"அமர்வுக்குப் பிறகு எனக்கு உண்மையாகவே வலி குறைந்தது, அதைப் பொய் என்கிறீர்களா?" என்று ஒருவர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.

இல்லை, சகோதரி. குறைந்திருக்கும். எனக்கும் சில நாள் உடம்பே இலேசானது போல இருந்தது. அடுத்த மாதவிடாயில் பழைய வலி வந்தது. 2004இல் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். 39 பெண்களுக்கு லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியால் உள்ளே பார்க்கும் அறுவை) செய்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு நோய்த்திசுவை வெட்டி எடுத்தார்கள். மற்றவர்களுக்கு உள்ளே பார்த்ததோடு சரி, எதையும் எடுக்கவில்லை. யாருக்கு எது நடந்தது என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து, திசு எடுக்கப்பட்டவர்களில் 80 விழுக்காட்டினரும், எடுக்கப்படாதவர்களில் 32 விழுக்காட்டினரும் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். அந்த 32 விழுக்காட்டினர் பொய் சொல்லவில்லை. தன்னைக் கவனித்தார்கள் என்ற உணர்வும், இனிக் குறையும் என்ற எதிர்பார்ப்பும், வலி தானாகவே ஏறி இறங்கும் இயல்பும் சேர்ந்து அதைச் செய்கின்றன. ஆகவே உங்கள் நிவாரணம் மெய். அதை வைத்து உங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் மெய்யாகிவிடாது. இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால், அந்த அமர்வில் கிடைத்த ஆறுதலை யாரும் உங்களிடமிருந்து பறிக்க முடியாது.

10.11.2025, திங்கள்

மேலே எழுதியவற்றை அப்படியே விட்டால், உணர்ச்சிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே கிடையாது என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடும். அது பாதி உண்மையாகத்தான் இருக்கும்.

அமெரிக்கச் செவிலியரை நெடுங்காலமாகத் தொடர்ந்து ஆராயும் பெரிய ஆய்வொன்றிலிருந்து 2018இல் வந்த முடிவு இது: குழந்தைப் பருவத்திலும் பதின்பருவத்திலும் பலவகைக் கடும் வன்கொடுமைகளை நீடித்து அனுபவித்தவர்களுக்கு, அவை இல்லாதவர்களைவிட, லேப்ராஸ்கோபியால் உறுதிசெய்யப்பட்ட எண்டோமெட்ரியோசிஸ் வரும் வாய்ப்பு 79 விழுக்காடு அதிகமாக இருந்தது. இதை நான் மறைத்துவிட்டு எழுதினால் நேர்மையாகாது. ஆற்றல் சிகிச்சை செய்பவர்கள் இதைத் தங்களுக்குச் சான்றாகக் காட்டுவார்கள் என்பதும் தெரியும். ஆனால் அந்த ஆய்வு சொல்வது என்ன? பெருங்கூட்டத்தில் ஒரு சாய்வு இருக்கிறது. நெடுங்காலக் கொடுமை உடலின் அழற்சியையும் வலியுணர்வையும் மாற்றியிருக்கலாம் என்பது அதற்கு முன்வைக்கப்படும் விளக்கம். உங்கள் இடது சூலகத்துக் கட்டி இன்னாரைப் பற்றிய இன்ன உணர்ச்சி என்று அது சொல்லவில்லை. கொடுமை செய்தவனை மன்னித்தால் கட்டி கரையும் என்றும் சொல்லவில்லை. இதில் ஏதாவது பொறுப்பு உண்டென்றால் அது கொடுமை செய்தவனுடையது, அவனைக் காத்த வீட்டினுடையது. அப்படிப்பட்ட குழந்தைப்பருவத்தைக் கடந்து வந்த ஒருத்தியிடம் "நீ மன்னிக்காததால்தான் வலிக்கிறது" என்று சொல்வதைவிடக் கொடிய சொல் எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தேவை பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகர். நம் ஊரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது.

வலியைப் பொறுத்தவரை மனத்துக்கு இடம் உண்டு. ஆண்டுக்கணக்கில் வலியில் இருக்கும் உடலில் நரம்பு மண்டலமே கூருணர்வு பெற்றுவிடுகிறது. முன்பு வலிக்காத தொடுகையும் வலிக்கத் தொடங்குகிறது. நோயின் நிலை ஒன்று முதல் நான்கு வரை எதுவாக இருந்தாலும், வலியின் அளவு அதற்கு நேராக இருப்பதில்லை. தூக்கமின்மையும் அச்சமும் வலியைக் கூட்டும். மூச்சுப்பயிற்சியும் யோகாசனமும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபியும் பலருக்கு அதைத் தணிக்கும். நான் யோகாவை விடவில்லை. என்னிடம் கற்பிப்பவர் "இந்த ஆசனத்தால் கட்டி கரையும்" என்று ஒருநாளும் சொன்னதில்லை என்பதால்தான் அவரிடம் போகிறேன்.

12.11.2025, புதன்

நாக தோஷம் பற்றி மூன்று பேர் கேட்டிருப்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். பெரியம்மா என்னை ‘காட்டி சுப்பிரமணியா’ என்ற கோயிலுக்கு அழைத்துப் போனார். தொட்டபள்ளாப்பூருக்கு அருகே, பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் கோயில் அது. பிள்ளை வேண்டிக்கொண்டவர்கள் பிரதிஷ்டை செய்த நாகக் கற்கள் வரிசை வரிசையாக நிற்கும். சுப்பிரமணியருக்குப் பின்னே நரசிம்மர், கண்ணாடியில்தான் தரிசனம். நான் மனம் உருகி வேண்டிக்கொண்டேன், அதை மறுக்க மாட்டேன்.

அங்கே வேண்டிக்கொண்டதற்கும் ஜெயநகர் மாடியில் கேட்டதற்கும் என்ன வேறுபாடு என்று யோசித்திருக்கிறேன். தோஷம் என்ற சொல்லும் காரணம்தான் சொல்கிறது. அது மருமகளின் தலையில் விழுந்து, அவளை ராசியில்லாதவள் ஆக்கிய வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். அந்த வகையில் இரண்டும் ஒன்றே. ஆனால் கோயிலில் எனக்குக் கிடைத்த மற்றொன்று, என்னை ஒன்றும் கேட்காத ஓர் இடம். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, என் மனத்தைத் துருவவில்லை, தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். வழிபாடு வேண்டும் என்பவர்கள் போகட்டும். தோஷம் என்ற விளக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

13.11.2025, வியாழன்

"விஞ்ஞானத்துக்கே காரணம் முழுதாகத் தெரியாதபோது மற்ற விளக்கத்தை ஏன் தள்ள வேண்டும்?" இந்த இழையில் வந்தவற்றுள் வலுவான வாதம் இதுதான்.

ஜான் சாம்ப்சன் 1927இல் முன்வைத்த விளக்கம், மாதவிடாய் உதிரத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய் வயிற்றறையில் ஒட்டிக்கொள்கிறது என்பது. ஆனால் பத்தில் ஒன்பது பெண்களுக்கு அப்படிப் பின்னோக்கிப் போகிறது, பத்தில் ஒருவருக்கே நோய் வருகிறது. ஆகவே நோயெதிர்ப்பு, மரபணு, ஹார்மோன் ஆகியவற்றின் பங்கை இன்னும் ஆராய்ந்து வருகிறார்கள். காரணம் முழுதாகத் தெரியவில்லை என்பது சரி. ஆனால் தெரியாத இடத்தை எதைக் கொண்டும் நிரப்பலாம் என்பது அதிலிருந்து வராது. 1882இல் ராபர்ட் கோக் கிருமியைக் காட்டும்வரை காசநோய் மென்மையான உள்ளம் கொண்டோரின் நோய் என்று ஐரோப்பாவில் பாடினார்கள். இரைப்பைப் புண் கவலையால் வருவது என்று என் தலைமுறை வரை நம்பினோம். 1980களில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் என்னும் பாக்டீரியாவைக் காட்டினார்கள், 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். புண்ணோடு வாழ்ந்து, கவலைப்படாதே என்று கண்டிக்கப்பட்டே இறந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

15.11.2025, சனி

நாம் ஏன் அங்கே போகிறோம் என்பதை எழுதாமல் அவர்களை மட்டும் விமர்சிப்பது நியாயமாகாது. சிகிச்சை மையத்தில் நெடுநேரம் காத்திருந்து, சில நிமிடம் மட்டுமே பேச முடிந்து, "எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதான்" என்ற வார்த்தையோடு வெளியே வந்த நாள்கள் எனக்கும் உண்டு. நோய் தொடங்கியதற்கும் பெயர் தெரிவதற்கும் இடையே பல ஆண்டுகள் கழிவது உலகெங்கும் நடப்பது. அந்த ஆண்டுகளில் "உன் வலி உண்மை, அதற்கு ஒரு பொருள் இருக்கிறது" என்று முதலில் சொல்பவர் யாரோ, அவருக்கு நம் மனம் போய்விடுகிறது. அதில் நம் குறை எதுவும் இல்லை. வலியை நம்பும் காதை மருத்துவரின் அறையிலேயே கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் என் நிலை.

அதற்கு எனக்கு உதவியதைச் சொல்கிறேன். மூன்று மாதவிடாய்ச் சுழற்சிகளுக்கு வலியை எழுதி வைத்தேன்: எந்த நாள், எவ்வளவு நேரம், எந்த மாத்திரை கேட்டது, எது கேட்கவில்லை, அன்று வேலைக்குப் போக முடிந்ததா. மலம் கழிக்கும்போதும் சிறுநீர் கழிக்கும்போதும் உறவின்போதும் வலிக்கிறதா என்பதை யாரும் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். மாதவிடாய் நாளில் வலது தோளில் வலி வருகிறது என்றால் அதையும் சொல்லுங்கள், அது உதரவிதானத்தைக் காட்டக்கூடும். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று பொருளாகாது. வயிற்றறைச் சவ்வில் படர்ந்த சிறு திட்டுகள் ஸ்கேனில் தப்பிவிடும். முன்பு லேப்ராஸ்கோபி செய்தால்தான் உறுதி என்பார்கள். நான் முன்பு குறிப்பிட்ட 2022 வழிகாட்டுதலின்படி, அறிகுறிகளையும் ஸ்கேனையும் கொண்டே சிகிச்சையைத் தொடங்கலாம். திருமணமாகாத பெண்களுக்கு யோனிவழி ஸ்கேன் செய்யப் பல இடங்களில் தயங்குகிறார்கள். அப்போது எம்ஆர்ஐ செய்ய முடியுமா என்று கேளுங்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் ஐந்தாண்டுகளில் பலருக்கு, சில கணக்குகளில் பாதிப்பேர்வரை, நோய் திரும்புகிறது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அது திரும்பும் நாளில், "நீ உள்ளே மாறவில்லை, அதனால்தான்" என்று சொல்ல ஒருவர் காத்திருப்பார்.

17.11.2025, திங்கள்

ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: மகள் பத்தாம் வகுப்பு, ஒவ்வொரு மாதமும் பள்ளிக்கு இரண்டு மூன்று நாள் போவதில்லை, வாந்தியும் வருகிறது. குடும்ப நண்பர் ஒருவர், "பெரியவள் ஆவதற்குப் பயப்படுகிறாள், மனத்தைச் சரிசெய்தால் போதும்" என்று சொல்லியிருக்கிறார்.

அம்மா, அவள் பயப்படுவது வலியைக் கண்டு. மாதந்தோறும் பள்ளி தவறும் அளவுக்கு வலி இருப்பது இயல்பு அன்று. பதினைந்து வயதிலும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கக்கூடும். வலிமாத்திரையை வலி உச்சத்துக்குப் போன பிறகு கொடுக்காமல், தொடங்கும்போதே மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்க வேண்டும். அப்படியும் கேட்கவில்லை என்றால் அடுத்து ஹார்மோன் சிகிச்சை இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை பிறக்காது என்று உறவினர் சொல்வதைக் கேட்டு மறுத்துவிடாதீர்கள், அது உண்மையல்ல. பதின்பருவத்தினரைப் பார்த்துப் பழகிய மகளிர் மருத்துவரிடம் இந்த மாதமே அழைத்துப் போங்கள். உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ இப்படி இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். மருத்துவரிடம் அவளே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.